திறந்து பார்க்காத பேக்கப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்கள் தங்கள் கணினித் தகவலைப் பாதுகாப்பது பற்றிப் போன வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியூர் சர்வர் ஒன்றுக்குத் தினமும் தானாகவே பேக்கப், அதாவது தகவலின் பிரதி, போகும்படி ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் அப்புறம் கவலையில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தும் 47 நாள் தகவல் காணாமல் போன இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பட்டுக்கோட்டையில் 40 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாடியின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. சர்வர் இருந்த அறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நனைந்த ஹார்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே வழி கிடைத்த அன்று சென்னைக்குப் பேருந்து ஏறினேன். நல்லவேளையாக எல்லாத் தகவலையும் மீட்க முடிந்தது. திரும்பி வந்ததும் பெரிய டாக்டரிடம், "ஒரு பிரதி நம்ம மாவட்டத்துக்கு வெளியே இருக்கணும் சார்" என்றேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். மும்பையில் ஒரு சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுத்தோம்.

இங்கிருந்து அங்கே தகவல் போகும் வழிக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். 1995-இல் பின்லாந்தில், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனன் என்பவர் எழுதியது. அதற்கு முன் இருந்த டெல்நெட் போன்றவற்றில் பாஸ்வேர்டு தபால் அட்டையில் எழுதியதுபோல வழியில் யாரும் படிக்கும்படி போகும். எஸ்.எஸ்.எச். அதை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்புகிறது. இரவு 2:15 ஆனதும் வேலையைத் தொடங்கி வைப்பது கிரான் என்ற நிரல்.

பேக்கப் எடுத்து அனுப்பும் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்திருந்தேன். பகலில் நான் உட்கார்ந்து ஓட்டினால் அது ஒழுங்காக ஓடும். இரவில் கிரான் ஓட்டினால் நின்றுவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். எஸ்.எஸ்.எச்.-இல் பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் கோப்புக்குச் சாவி என்று பெயர். என் சாவிக்கு ஒரு ரகசியச் சொல் வைத்திருந்தேன். நான் லாகின் செய்திருக்கும்போது கணினி அதை நினைவில் வைத்திருக்கும்; கிரானுக்கு அந்த நினைவு கிடையாது. இந்த வேலைக்கென்று ரகசியச் சொல் இல்லாத தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, பிரதியைக் கொண்டுபோய் வைப்பதைத் தவிர வேறெதுவும் அந்தச் சாவியால் செய்ய முடியாதபடி மும்பைப் பக்கம் கட்டுப்படுத்தினேன். பழைய பிரதியை அழிக்கக்கூட அதற்கு உரிமையில்லை. இங்கே உள்ள சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால் அங்கே உள்ளதையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது அல்லவா?

அடுத்து சதவீதக் குறி. கோப்பின் பெயரில் தேதி சேர்க்க அந்தக் குறி தேவை. ஆனால் கிரான் அட்டவணைக்குள் அதை எழுதினால், வரி அங்கேயே முடிந்துவிட்டதாகக் கிரான் எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. மும்பை சர்வரில் எங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்பகத்தில் மற்றவர்களும் எழுதலாம் என்று அனுமதி இருந்தது இன்னொரு தடை. அப்படி இருந்தால் எஸ்.எஸ்.எச். அந்தச் சாவியை நம்பாது, பாஸ்வேர்டு கேட்கும். இரவு இரண்டேகாலுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்தப் பக்கம் பார்த்தால் காரணமே தெரியாது. அந்தப் பக்கத்து சர்வர் நடந்ததைக் குறித்து வைக்கும் லாகைத் திறந்தால் ஒரே வரியில் எழுதியிருக்கும்.

பிறகு ஒருநாள், எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். நான் கேட்கவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்களை அழைத்து, எங்களைப் புது இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, அந்த இயந்திரத்தை அடையாளம் காட்டும் புதிய கைரேகை எண்ணை அவர்களுடைய நிர்வாகத் திரையான கன்சோலில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டேன். நோயாளிகளின் தகவல் போகும் வழி அது. யாரிடம் போகிறது என்று பார்க்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இவையெல்லாம் சத்தம் போட்ட கோளாறுகள். எங்களைக் கவிழ்த்தது சத்தமே போடாத ஒன்று.

இந்த ஆண்டு ஜூனில் சர்வரின் டிஸ்க் பழுதானது. பதற்றமில்லாமல்தான் மும்பை சர்வரைத் திறந்தேன். நாளுக்கு ஒரு கோப்பு, தேதி வாரியாக வரிசையாக இருந்தது. நேற்றைய கோப்பின் அளவு 20 பைட். முந்தாநாள் கோப்பும் 20 பைட். கீழே இறங்க இறங்க அதே எண். 47 கோப்புகளுக்குக் கீழேதான் உண்மையான அளவில் ஒரு கோப்பு தென்பட்டது. அனுப்பும் முன் தகவலைச் சுருக்குவது ஜிஜிப் என்ற நிரல். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் அது தரும் கோப்பின் அளவுதான் அந்த 20 பைட். அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் இதுதான். ஏப்ரல் கடைசியில் பில்லிங் மென்பொருள்காரர்கள் வந்து, பாதுகாப்புக்காக, தகவலெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அது சரியான வேலைதான். என்னிடம் சொல்லிவிட்டும் செய்தார்கள். இரவு ஓடும் ஸ்கிரிப்டிலும் அதே பாஸ்வேர்டு இருப்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அன்று இரவு முதல் டேட்டாபேஸ் கதவைத் திறக்க மறுத்தது. வெறுமையை ஜிஜிப் சுருக்கியது. எஸ்.எஸ்.எச். அதை மும்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்படி மூன்று கட்டளைகளைக் கோத்து ஓட்டினால், கடைசிக் கட்டளை வெற்றியா என்பதை மட்டும்தான் கட்டளைகளை ஓட்டும் ஷெல் என்ற நிரல் பார்க்கும். வெற்றி என்று எழுதிக்கொண்டது.

பிழைச் செய்தி வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கும். கட்டளையில் பாஸ்வேர்டு எழுதுவது பாதுகாப்பல்ல என்று தினமும் ஒரு எச்சரிக்கை மெயில் வந்துகொண்டிருந்ததால், பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் குப்பைக்குப் போகும்படி முதல் ஆண்டிலேயே நான்தான் திருப்பிவிட்டிருந்தேன். அந்த எச்சரிக்கை சொன்னபடி பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்திருந்தால் போதும், மெயிலும் நின்றிருக்கும், உண்மையான பிழையும் என் கண்ணில் பட்டிருக்கும். 60 நாள் பிரதிகளை விட்டு வைத்திருந்தது மட்டும் காப்பாற்றியது. பல இடங்களில் செய்வதுபோல 30 நாளோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

வரவேற்பில் இருக்கும் அக்கா பழைய வழக்கத்தை விடாமல் நீள நோட்டில் பெயரும் எண்ணும் எழுதி வந்தார். அதையும் பில் நகல்களையும் வைத்து 19 நாட்கள் திரும்பத் தட்டச்சு செய்தோம். எல்லாம் கிடைக்கவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றிய பிறகு எடுத்த பரிசோதனை முடிவு எங்களிடமும் இல்லை, அவரிடமும் தாள் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்தோம். பணம் வாங்கவில்லை. ஆனால் "போன மாசம்தானே குத்தினீங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இது சிற்றூர்க்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. தற்செயலாக ஒருவர் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. அவர்கள் எதையும் மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்ததை நான் ஜூலையில் உட்கார்ந்து படித்தேன். என் ஸ்கிரிப்ட்டைத் திருத்தும் தெம்பு அதில் கிடைத்தது.

இப்போது கோத்த கட்டளைகளில் எது தவறினாலும் மொத்தமும் தோல்வி என்று பதிவாகும்படி மாற்றியிருக்கிறேன். நேற்றைய கோப்பைவிட இன்றையது பாதிக்கு மேல் சிறுத்திருந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நல்லபடியாக முடிந்தால் காலை 6 மணிக்கு என் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வரவில்லை என்றால் அன்றைக்கு முதல் வேலை அதுதான்.

மருத்துவர்களுக்கும் கடை முதலாளிகளுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி ஆளிடம் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை உண்மை என்று நம்பி. போன மாதத்தில் ஒரு நாளைச் சொல்லி, அந்த நாளின் கணக்கை பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. காகிதத்தை அலமாரியில் பூட்டி வைக்கிறோம்; கணினியில் இருப்பதற்கும் அதே அக்கறை வேண்டும். அதற்காக அவருக்கு மாதத்தில் அரை நாள் ஒதுக்கிக் கொடுங்கள். பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆசிரியர்களும் லேபில் பேக்கப் எடுக்கக் கற்றுத்தருவதோடு, ஒரு டேட்டாபேஸை மாணவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்லி அதை மீட்கவும் வைத்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் இடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, மும்பையிலிருந்து பிரதியை இறக்கி ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றுகிறேன். வரவேற்பு அக்கா தன் நீள நோட்டிலிருந்து ஐந்து நோயாளிகளின் எண்களை அவராகவே தேர்ந்தெடுத்துத் தேடுகிறார். கிடைத்தால் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார். இந்த மாதம் ஐந்தும் கிடைத்தன.

மருத்துவமனை எது என்று தெரிய வேண்டாம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பட்டுக்கோட்டை