கோயில் அண்டாவுக்கும் அதைத் தூக்கி வந்தவர்களுக்கும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு ஆட்களுக்கும், மிட்வைஃப் மிஸ்ஸுக்கும், எனக்குப் பிரசவ வலி கண்ட அன்றிரவு ஓடி வந்த எல்லாருக்கும்,

பிள்ளைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழித்தாகிவிட்டது. நேரில் வந்து சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்கு டீச்சர் நன்றி" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மூத்தவனை வேறொரு ஊரில் பெற்றேன். பதினாறு மணி நேரம் மல்லாந்து படுத்தபடியே கிடந்தேன், எழும்ப விடவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்த முறை பிரசவ வலியின்போது வெந்நீர்த் தொட்டியில் இருப்பதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிரான்சில் பித்திவியே என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் மிஷேல் ஓடன் என்ற டாக்டர் 1970களில் தொட்டி வைத்தது வலியைத் தணிக்கத்தான். வெளியே வர மனமில்லாத சில பெண்கள் அதிலேயே பெற்றுவிட்டார்கள். 2018இல் 15 ஆய்வுகளில் இருந்த 3,663 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய் திறக்கும் கட்டத்தில் தண்ணீரில் இருந்தவர்களுக்கு முதுகில் போடும் விறைப்பு ஊசி கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டதாம். தண்ணீருக்குள்ளேயே பெறுவதைப் பற்றி அவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நான் ஒப்பித்தபோது மிஸ் சிரிக்கவில்லை. முதல் நன்றி அதற்கு. "பிள்ளை ஆஸ்பத்திரியிலதான். அதுக்கு முன்னால வேணும்னா தண்ணியில இரு" என்றார். அதுவும் சும்மா இல்லை. 39 வாரம், பிரஷர் இல்லை, சுகர் இல்லை, தலை கீழே இருக்கிறது என்று கார்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான். பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், காய்ச்சல் கண்டால் உடனே வெளியே வர வேண்டும். இரண்டாவது பிள்ளை சட்டென்று வரும், ரோட்டு நிலைமையும் தெரியும்தானே, வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றானாலே 1990 ஆம்புலன்ஸுக்கு அடி என்றார்.

தம்பி கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து கொண்டு வந்தது சின்னப் பிள்ளைகள் விளையாடும் காற்றடிக்கிற தொட்டி. சுற்றிலும் மஞ்சள் வாத்துப் படம். முன் காம்பராவில் கட்டிலைச் சுவரோடு சாய்த்துவிட்டுத்தான் அதை விரிக்க முடிந்தது.

அப்புறம் அந்தத் தை மாதக் குளிரில் நீங்கள் செய்தது. கோயில் அண்டா இரண்டும் எப்போது வந்தன என்றே எனக்குத் தெரியாது. இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே தேயிலைக் கட்டை எரிந்தது. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் வாளி வாளியாகக் கைமாறி வந்தது. ஒரு வாளி கொதிநீருக்கு இரண்டரை வாளி பச்சைத் தண்ணீர் என்று கணக்குப் பிடித்தவர் எதிர்வீட்டு அண்ணன். பெரியம்மா காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தொட்டியில் முக்கிப் பிடித்தார். "தண்ணிக்குக் காய்ச்சல்டி, 38" என்றார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 37ஐ ஒட்டியே வைக்கச் சொல்லியிருந்தார் மிஸ். தாயின் உடம்பு சூடேறினால் பிள்ளையின் இதயத் துடிப்பும் ஏறும். இன்னொரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினார்கள்.

வயிறு மூழ்க முழங்கால் போட்டு, விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்திருந்தேன். வலி போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றின் பாரம் போனது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கண் அயர்ந்தேன். மூத்தவனுக்கு அப்படி ஒரு நிமிடம்கூடக் கிடைத்ததில்லை.

"குளிர் ஏறி ஜன்னி கண்டுரும்" என்று கடைசி வரை முணுமுணுத்த மாமிதான் விடாமல் அடுப்பை ஊதியவர். மாமி, உங்கள் கண் சிவந்திருந்தது புகையால் மட்டும்தானா என்று இன்னும் கேட்கவில்லை.

மூடுபனியில் நோர்வூட் ரோட்டு வளைவுகளை அலுங்காமல் கடந்த 1990 தம்பிகளுக்கும், கட்டிலில் ஏற்றியதும் படுக்கச் சொல்லாமல் "எப்படி வசதியோ அப்படி இருங்க" என்ற ஆஸ்பத்திரி மிஸ்ஸுக்கும் நன்றி. விடியுமுன் மகள் பிறந்தாள். 2 கிலோ 900. மூத்தவனை இரண்டு நாள் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவுக்கும் நன்றி. அவன் இப்போது அங்கேதான் போவேன் என்கிறான்.

கோயில் கமிட்டி ஐயாமாருக்கு: ஒரு அண்டாவின் அடியில் பிடித்த கரி இன்னும் முழுதாகப் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். திருவிழாவுக்கு முன்னால் கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் லயத்து டீச்சர்