ஐரிஷ் பெயரடை பிரெஞ்சைப் போன்றதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் வெளிவந்த மொழிக் கட்டுரை, ஐரிஷ் மொழியின் பெயரடைகள் பிரெஞ்சைப் போலவே பாலுக்கேற்ப மாறும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது. அவ்வரி பாதிதான் சரி. வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சோடு தமிழும் படிக்கும் நம் மொரீஷியஸ் பிள்ளைகள் அதை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சில் வெள்ளைக் குதிரை 'ப்ளாங்', வெள்ளைப் பசு 'ப்ளாங்ஷ்'. மாற்றம் சொல்லின் ஈற்றில். ஐரிஷிலோ முதலெழுத்தே மாறுகிறது. வெள்ளைக் குதிரை 'கப்பல் பான்' (ஆம், அவர்களுடைய குதிரை நம் காதில் ஏறத்தாழக் கப்பலாகவே விழும்). பசு பெண்பால் ஆகையால் வெள்ளைப் பசு 'போ வான்'. 'ப' 'வ' ஆகும் இந்த மென்மையை இன்று 'எச்' என்னும் எழுத்தைச் சேர்த்துக் காட்டுகிறார்கள். பழைய ஐரிஷ் எழுத்தில், நம் மெய்யெழுத்துக்கு வைப்பதுபோல, எழுத்தின் தலையில் புள்ளி வைத்தார்கள். பன்மைக்கு வந்தால் விதி பாலை விட்டுவிட்டுப் பெயரின் ஈற்றொலியைப் பார்க்கிறது: இகரச் சாயல் ஏறிய மெய்யில் முடியும் குதிரைகள் 'கப்பில் வானா' ஆக, உயிரில் முடியும் பசுக்கள் 'பா பானா' என்றே நிற்கின்றன. மீண்டும் ஒருமைக்கு வந்து ஆறாம் வேற்றுமையைப் பார்த்தால், முதலில் சொன்ன நிலைமை தலைகீழ். வெள்ளைக் குதிரையின் வாலைச் சொல்லும்போது 'வாய்ன்' என்று முதலெழுத்து மென்மையாகிறது, வெள்ளைப் பசுவின் வாலைச் சொல்லும்போது 'பான்யெ' என்று அது மாறாமல் ஈறு மட்டும் நீள்கிறது.

கட்டுரை தவறவிட்ட முதன்மையான செய்தி வேறு. இவ்வளவு மாற்றமும் பெயரடை பெயரை ஒட்டி வரும்போது மட்டுமே. 'பசு வெள்ளையாக இருக்கிறது' என்பதற்கு 'தா அன் வோ பான்' என்பார்கள் ('அன்' முன்னே வருவதால் 'போ' இங்கே 'வோ' ஆனது). பயனிலையில் வந்த 'பான்' பாலையும் பார்ப்பதில்லை, எண்ணையும் பார்ப்பதில்லை. பிரெஞ்சில் அங்கும் 'ப்ளாங்ஷ்' வந்தே தீர வேண்டும். கிரியோலில் இரண்டிடத்திலும் 'ப்ளாங்'தான். தமிழோ ஐரிஷுக்கு நேரெதிர்: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடுகள் என்று பெயரெச்சம் அசையாமல் நிற்க, அவன் நல்லவன், அவள் நல்லவள், அவை நல்லவை என்று பயனிலையில்தான் பாலும் எண்ணும் வெளிப்படுகின்றன. ஒப்பிட வேண்டுமானால் கட்டுரையாளர் பிரெஞ்சைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்