சீட்டில் இல்லாத மாத்திரைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்களுக்குப் புது மருந்து எழுதித் தர மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மொத்தமாகப் பார்த்து, இதில் எது இன்னும் தேவை என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று சீட்டு எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான். சேர்ந்தால்தான் சிக்கல். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். மருந்தால் வந்த வீக்கம் என்று யாரும் யோசிக்காவிட்டால், அதற்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேரும். அப்புறம் இரவில் அடிக்கடி எழுவது, எழும்போது தலைசுற்றுவது, விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது. இதற்கு மேல், கடையில் தாமாகவே வாங்கிய இப்யூப்ரூஃபன் என்ற வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகமே பழுதாகலாம். அந்த மாத்திரை எந்த மருத்துவரின் சீட்டிலும் இருக்காது.

அதனால்தான் இந்தச் சரிபார்ப்பு வீட்டில் நடக்க வேண்டும் என்கிறேன். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருப்பது, நிறுத்தச் சொன்ன மாத்திரை டப்பாவில் தொடர்வது, பார்வை மங்கி அட்டையைப் படிக்க முடியாதது, இன்ஹேலரைத் தவறாக இழுப்பது எல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2001 முதலே இதற்கு அரசுத் திட்டம் உண்டு. மருத்துவர் பரிந்துரைத்தால் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் வீட்டுக்கு வந்து எல்லா மருந்துகளையும் பார்த்து, மருத்துவருக்கு அறிக்கை தருகிறார். மற்ற நாடுகளின் சுகாதாரத் துறைகளும் இதைச் செய்யலாம். எல்லாருக்கும் உடனே முடியாது என்றால், ஐந்துக்கு மேல் மருந்து சாப்பிடுகிறவர்களிடமும் மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியவர்களிடமும் தொடங்கட்டும். மருந்து மாறிக் குழப்பம் வருவது பெரும்பாலும் வீடு திரும்பிய அந்தச் சில நாட்களில்தான்.

வயதாக ஆக, மருந்தை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேகம் குறையும். பல வருடம் ஒத்துக்கொண்ட அதே அளவு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை எழுபதைத் தாண்டியவருக்குச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடலாம். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது, வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையையும் சில இதய மருந்துகளையும் சட்டென்று விட்டால் ஆபத்து. வீட்டிலுள்ள அத்தனை மருந்துகளையும், கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி