செயலாளரின் ஆண்டறிக்கை: கட்டுமானம் பயிலும் பிள்ளைகளும் சனிக்கிழமைக் கணினி வகுப்பும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் நமது சங்கம் நடத்திவரும் பொங்கல் விழாவும் முதியோர் ஒன்றுகூடலும் தமிழ் வகுப்புகளும் இவ்வாண்டும் குறைவின்றி நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்கூட்டத்தில் காரசாரமான விவாதத்துக்குப் பின் நிறைவேறிய தீர்மானத்தைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுமானம் பயிலும் மாணவர்களுக்கான கணினி வகுப்பைத்தான் குறிப்பிடுகிறேன்.

“மேசன் வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கணினி எதற்கு?” என்று அன்று சபையில் கேட்டார்கள். இந்நாட்டில் மத்திய அரசுத் துறைகளின் கட்டுமானங்களுக்கு, ‘பிம்’ எனப்படும் முப்பரிமாணத் தகவல் மாதிரி 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2017இல் கிரென்ஃபெல் கோபுரத் தீ 72 உயிர்களைக் குடித்தது. அதன் விளைவாக வந்த 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 மீட்டர் அல்லது ஏழு மாடி உயரத்தை எட்டும் குடியிருப்புகளின் பாதுகாப்பு விவரங்களை மின்னணு வடிவில் பேண வேண்டும். செங்கல் அடுக்குபவர் கையிலும் இன்று வரைபடம் கைக்கணினியில்தான் வந்து சேர்கிறது.

வகுப்புக்கு நம் பிள்ளைகளோடு வங்காள, சோமாலியப் பிள்ளைகளும் வந்தார்கள். தமிழ்ச் சங்கப் பணம் பிறருக்கு ஏன் என்ற முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. கல்லூரியில் ஒரே வாங்கில் இருப்பவர்களை இங்கே பிரித்து உட்காரவைக்கக் குழு விரும்பவில்லை.

இக்காலப் பிள்ளைகளுக்குக் கணினி கைவந்த கலை என்ற எங்கள் கணிப்பு முதல் வாரத்திலேயே பொய்த்தது. கைபேசியில் காணொளி தொகுக்கத் தெரிந்த பிள்ளைகள், சேமித்த கோப்பு கணினியின் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று தெரியாமல் விழித்தார்கள். பலர் வீட்டில் இருந்தவை, விண்டோஸ் இல்லாத எளிய மடிக்கணினிகளான குரோம்புக்குகளும் டேப்லெட்டுகளும். கட்டட மாதிரிகளை வரையக் கல்லூரி கேட்கும் ரெவிட் மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே நிறுவக்கூடியது, நினைவகமும் நிறையக் கேட்கும். மாணவர்களுக்கு மென்பொருள் இலவசம்தான். அதைத் தாங்கும் கணினியை யார் வாங்கித் தருவது? திறமைக் குறைவு என்று ஆசிரியர்கள் எழுதியனுப்பிய பல குறைகள் உண்மையில் கருவிக் குறைகள். சங்கம் வாங்கிய பழைய மடிக்கணினிகள் முறைவைத்து வீடுகளுக்குச் சுற்றிவந்த பிறகுதான் பயிற்சி ஒழுங்காக நடந்தது.

தொல்லைகளும் உண்டு. நாம் நிறுவியது புதிய பதிப்பு, ஒரு கல்லூரியில் இருந்தது பழையது. புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது என்பதால், ஒப்படைப்பு நாளில் ஒரு மாணவியின் உழைப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. இப்போது கல்லூரியின் பதிப்பைக் கேட்டறிந்தே நிறுவுகிறோம். இன்னொரு பையன், தேவையற்ற கோடு என்று எண்ணி, ஒரு தளத்தின் உயரத்தைக் குறிக்கும் தளமட்டக் கோட்டை அழித்தான். எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்று அழுத்தவும், அந்தத் தளத்தின் சுவர், கதவு, யன்னல் அத்தனையும் திரையிலிருந்து மறைந்தன. செயலைத் திரும்பப்பெறும் விசை இருந்ததால் பிழைத்தான்!

கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் 1981க்கு 762 மில்லிமீட்டர் என்ற அளவைக் கண்டு, ஏன் இப்படி ஒட்டாத எண் என்று ஒரு மாணவன் கேட்டான். அழைத்துப்போக வந்திருந்த அவனுடைய தந்தை தச்சு வேலை செய்பவர். “ஆறரை அடிக்கு இரண்டரை அடி, தம்பி. பழைய அளவை அப்படியே மாற்றியிருக்கிறார்கள்” என்றார். கணினியின் சுட்டியைக்கூட (மவுஸ்) தொட்டிராத அவர், பிறகு பல சனிக்கிழமைகளில் வந்து அமர்ந்து, யன்னலின் அடிமட்டம், படியின் உயரம் என்று பிள்ளைகளின் வரைபடங்களில் குறை கண்டுபிடித்தார். என் பார்வையில் வகுப்பின் சிறந்த ஆசிரியர் அவரே.

பெண் பிள்ளைகளின் வருகை மட்டும் திருப்தி தரவில்லை. மாலையில் இருட்டுகிறது என்ற காரணத்தைப் பெற்றோர் சொல்கிறார்கள், ஆகவே குளிர்காலத்தில் வகுப்பைக் காலைக்கு மாற்றுகிறோம்.

வரும் ஆண்டுக்குக் குழு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறது. நன்கொடையாக டேப்லெட்டுகளை இனி ஏற்பதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணத்தை நன்கொடையாளர்கள் மடிக்கணினி நிதியில் சேர்க்கலாம். நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷனை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் திறந்த வெளியில் பயிற்சி தரலாம். இலங்கையில் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் கற்பிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டையும் சபையின் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

செயலாளர்