உனக்கும் ஒரு மெஷின் வாங்கு

கொக்குவில்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பிறஷர் மெஷின் வந்து சேர்ந்தது. முதல் நாள் சந்தையால் வந்த கையோடு கட்டிப் பார்த்தேன், 168 காட்டியது. பதறிப்போய் உனக்கு ஃபோன் எடுத்துவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு நேர்ஸ் பிள்ளை வந்து நல்லா ஏசினாள். தேத்தண்ணி குடித்தால் அரை மணித்தியாலம் பொறுக்கவேணுமாம். சலம் கழித்துவிட்டு, கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சளவு உயரத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருக்கவேணும். கதைக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. அப்படிப் பார்த்தபோது 142/84. என்னைப்போல் சீனி வருத்தக்காரருக்கு 130/80க்குக் கீழே இருந்தால் நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருடம் நாலு மாதம் பிறஷர் குளிசையை விட்டுவிட்டேன். தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, பிறகேன் குளிசை என்ற எண்ணம். முழங்கால் நோவுக்கு மட்டும் கடையில் டைக்ளோபெனாக் வாங்கி வாங்கிப் போட்டேன். அதுவே பிறஷரை ஏற்றுமாம், எனக்கு யார் சொன்னது! கடைசியில் சலத்தில் புரதம் போகிறது என்று ரிப்போட் வந்தது. சீனியும் பிறஷரும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் சின்ன இரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பிறஷருக்கு முதலில் எனலாப்ரில் குளிசை தந்தார்கள், ஒரே வறட்டு இருமல். இப்போது லொசாட்டன். அது பிறஷரை இறக்கிச் சிறுநீரகத்தையும் காக்குமாம். ஆனால் இடைக்கிடை இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினினும் பார்க்கவேணும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி மட்டில்தான். ஊறுகாயும் மோர்மிளகாயும் அந்தக் கணக்குக்குள்ளேயே. அப்பாவுக்குச் சொதி சப்பென்று இருக்கிறதாம். தேசிக்காய்ப்புளி கூட விட்டுச் சமாளிக்கிறேன்.

சரி, உன் கதைக்கு வருவோம். டொக்டர் பிறஷர் குளிசை எழுதித் தந்தும், "எனக்கு ஒன்றும் செய்யவில்லை அம்மா, எடுக்கவில்லை" என்று சிரித்தாயே. எனக்கும் ஒன்றும் செய்யவில்லைத்தான் ராசா. எனக்கு மெஷின் அனுப்பினவன் உனக்கு ஒன்று வாங்கினாயா? காலையிலும் இரவிலும் பார்த்துக் கொப்பியில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வாசி. நான் என்னுடையதை வாசிக்கிறேன்.

மாமி வரும் கிழமை கனடா வருகிறார். ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். நீ கேட்ட கருவாடு கட்டி வைத்திருந்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். கோபிக்காதே.

அம்மா