உழைக்கவில்லை என்று இருநூறு தடவை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும்,

வணக்கம். அரையாண்டுக் கணக்கில் 35-க்குக் கீழே எடுத்த பிள்ளைகளை 'நான் உழைக்கவில்லை' என்று இருநூறு தடவை எழுத வைத்தீர்கள். 28 எடுத்த என் மகனும் எழுதினான்.

மறுநாள் காலையில் அவன் பாயைச் சுருட்டினால், அடியில் ஒரு நோட்டு. அட்டை முதல் அட்டை வரை கணக்கு. "ஏன்டா, இதை சார்கிட்ட காட்டலை?" என்றேன். "படிக்கலைன்னா சோம்பேறிம்பாங்க. படிச்சும் வரலைன்னா மக்குன்னுல்ல சொல்வாங்கப்பா" என்றான். சோம்பேறிப் பட்டமே தேவலை என்று பதினைந்து வயதில் முடிவு கட்டியிருக்கிறான்.

மாடி வீட்டில் காலேஜ் படிக்கும் பெண் அந்த நோட்டைப் புரட்டினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால், உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விடுகிறான். பக்கத்துக்குப் பக்கம் அதே தப்பு. இவனை இன்னும் உழை என்றால் இன்னொரு நோட்டு நிறைய அதையேதான் போடுவான்.

விடைத்தாளை வகுப்பில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், எங்கே சறுக்கினான் என்று ஒரு வரி எழுதி. கேட்பது அவ்வளவுதான்.

உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லித்தான் நானும் வளர்த்தேன். ஸ்டீவன் ஹைன் என்ற உளவியலாளர் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் தோற்ற வேலையில்தான் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். வட அமெரிக்க மாணவர்கள் ஜெயித்த வேலையில். திருத்த வேண்டிய இடத்தைத் தோல்வி காட்டும் என்று நம்புகிறவன்தான் அப்படி உட்காருவான். நம்மிடம் "உழைச்சா வரும்" ஒரு மூச்சில், "இவனுக்கு மண்டையில ஏறாது" அடுத்த மூச்சில். பெற்றோர் கூட்டத்தில் ஒரே பையனைப் பற்றி இரண்டையும் கேட்டேன். சரி, வீட்டில் நாங்களும் தலையெழுத்து என்று அலுத்துக்கொள்கிறவர்கள்தான்.

மாநில அளவில் முதலிடங்களை அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் பள்ளி வாசல் ப்ளெக்ஸில் மட்டும் மூன்று முகங்கள் இன்னும் சிரிக்கின்றன. அடுத்த முறை இருநூறு தடவை எழுதியவர்கள் படத்தையும் போடலாமே, அதுவும் உழைப்புதானே!

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். முதல் திருப்புதல் தேர்வின் விடைத்தாளையாவது தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். சாருக்குத் தோதான நாளைச் சொன்னால் லீவு போட்டுவிட்டு நோட்டோடு வருகிறேன். மகனுக்குத் தெரியாமல்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா,
வியாசர்பாடி, சென்னை