மைதானத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருகோணமலை வாழ் அன்பு நெஞ்சங்களுக்கு,

பாடசாலையை இடையில் விட்டவர்களும், சிறு குற்றங்களுக்காக நீதிமன்றப் படியேறியவர்களும், ஐஸ் போதைப்பொருளிலிருந்து மீள முயல்பவர்களுமான இளையோரை உதைபந்தாட்டத்தின் வழியே ஒன்றுசேர்த்து, அவர்கள் ஒரு தொழிலையோ படிப்பையோ பற்றிக்கொள்ளும் வரை உடன்நிற்கும் எங்கள் பயிற்சிக் குழுவின் இவ்வாண்டுப் பருவம், மாரி மழைக்கு முன்பாக நிறைவெய்தியுள்ளது. பந்து ஒரு பிள்ளையை மைதானம் வரை அழைத்து வரும். அதற்கப்பால் அவனுக்குத் துணை நின்றவர்கள் நீங்கள். ஆகையால் கோல் அடித்தவர்களைப் பற்றி இம்மடலில் அதிகம் எழுதப்போவதில்லை.

முதல் நன்றி, முச்சக்கரவண்டி திருத்தும் கராஜ் நடத்தும் ஐயா ஒருவருக்கு உரியது. வழக்கொன்றில் சிக்கியிருந்த எங்கள் பையனை, பழைய கதை எதனையும் கேளாமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட அவர், முதல் வாரத்திலிருந்தே நாட்கூலி கொடுத்ததுடன், பயிற்சி நாட்களில் மாலையில் நேரத்தோடு அனுப்பியும் வைத்தார். தொழில் பழக்குவதாகச் சொல்லிச் சம்பளமின்றி வேலை வாங்குவோரும் நம் ஊரில் உண்டு என்பதால், இதனைச் சிறிய உதவியாக நாங்கள் கருதவில்லை. அவருடைய சொல்லை நம்பியே வேறு சில கடைக்காரர்களும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தனர்.

நடுவர் இல்லாத ஆட்டமுறையை நாங்கள் அறிமுகப்படுத்தியபோது, அது அடிதடியில் முடியும் என்றே பலரும் சொன்னார்கள். 1994 உலகக் கிண்ணத்தில் தவறுதலாகத் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்ட கொலம்பிய வீரர் அந்திரெஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டதன் பின்னர், அந்நகரில் உருவான முறை இது. ஆட்டத்துக்கு முன் இரு அணியினரும் கூடி விதிகளைத் தாமே பேசி முடிவு செய்வர். ஆட்டத்துக்குப் பின் மறுபடியும் அமர்ந்து, நேர்மைக்கான புள்ளிகளை ஒருவருக்கொருவர் வழங்குவர். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆட வேண்டும். முதல் கோலைப் பெண்பிள்ளை ஒருவரே போட வேண்டும் என்ற மெடலின் விதியை நாங்களும் வைத்துக்கொண்டோம். அதன் பின்னரே பையன்கள் பெண்பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் நிதானமாகப் பேசி, இந்தக் கூட்டங்களைக் குழப்பமின்றி நடத்தித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு எங்கள் பணிவான நன்றி.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தம் மகள்மாரை அனுப்பிய தாய்மாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அயலவரின் பேச்சைத் தாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்து பற்றிய கவலையையும் சுமந்துகொண்டு, பயிற்சி முடியும் வரை எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்தவர்கள் அவர்கள்.

பழைய வலைகளைக் கொண்டு கோல் கம்பங்களுக்கு வலை பின்னித் தந்த திருக்கடலூர் கடற்தொழிலாளர்களுக்கும், சப்பாத்துகள் தந்த வெளிநாடுவாழ் உறவுகளுக்கும், காயங்களுக்கு மருந்திட்ட தாதியருக்கும் எங்கள் நன்றிகள்.

மழைக்காலத்தில் மைதானம் நீரில் நிற்கும் மாதங்களில், சாதாரண தரப் பரீட்சையை மீண்டும் எழுதவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்த அதிபர் ஒருவர் மண்டபம் தந்துள்ளார். கணிதம் கற்பிக்க முன்வருவோர் எவராயினும் எங்கள் பயிற்றுவிப்பாளர்களிடம் தெரிவிக்கலாம். கராஜ் ஐயாவும் தை பிறந்ததும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
பயிற்சிக் குழுவின் சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்,
திருகோணமலை.